கோல்ஃப் ஹேண்டிகேப்பை நாமே கணக்குப் போடுவது எப்படி?

நான் எக்செல்லில் போட்டுவந்த ஹேண்டிகேப்பும் (ஆடுபவரின் திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளின் அளவு) கிளப் கணக்கும் மாதக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. என்னுடையது எப்போதும் இரண்டு, மூன்று கூடுதலாகவே நின்றது. தப்பு பிடிபட்டதும் இதை எழுதுகிறேன். பார் என்றால் ஒரு குழியையோ முழு மைதானத்தையோ முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகவேண்டிய அடிகள்.

2020-இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து கொண்டுவந்த உலகப் பொது முறை இது.

படி 1. ஸ்கோர் கார்டில் நீங்கள் ஆடிய டீயின் (முதல் அடி அடிக்கும் இடம்) நிறத்துக்கு நேரே இருக்கும் கோர்ஸ் ரேட்டிங்கையும் (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர்) ஸ்லோப்பையும் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பதன் எண்) குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு பார் 72, ரேட்டிங் 71.2, ஸ்லோப் 125 என்று வைப்போம்.

படி 2. நான் சறுக்கியது இங்கேதான். அடித்த மொத்த ஸ்கோரை அப்படியே போடக்கூடாது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு: பார் + 2 + அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகள். அன்று உங்கள் கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்தில் உங்களுக்குக் கிடைக்கும் மொத்தச் சலுகை அடிகள்) 22 என்றால் எல்லாக் குழிக்கும் ஓர் அடி, மிச்சமுள்ள நான்கு அடியும் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் (சலுகை அடி தருவதற்காகக் கார்டில் குழிகளுக்குத் தந்திருக்கும் வரிசை எண்) 1 முதல் 4 வரையுள்ள குழிகளுக்கு. இன்டெக்ஸ் 3 உள்ள பார் 4 குழியில் பந்து இரண்டு முறை தண்ணீரில் விழுந்து 12 அடித்தீர்களா? கணக்கில் 4 + 2 + 2 = 8 மட்டுமே. மொத்தம் 101 அடித்திருந்தாலும் எழுத வேண்டியது 97.

படி 3. (97 − 71.2) × 113 ÷ 125 = 23.3. இதுதான் அந்த ஆட்டத்தின் டிஃபரென்ஷியல். 101-ஐ வைத்துப் போட்டால் 26.9 வரும், ஒரே ஒரு குழியால் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள். 113 என்பது நடுத்தரக் கடினமுள்ள மைதானத்தின் ஸ்லோப். (வானிலை மோசமான நாளில் இதில் ஒரு சிறு திருத்தமும் வரலாம்.)

படி 4. கடைசி 20 ஆட்டங்களில் மிகக் குறைந்த 8 டிஃபரென்ஷியல்களின் சராசரிதான் ஹேண்டிகேப் இன்டெக்ஸ். உச்சம் 54.0.

சிறந்த எட்டை மட்டும் எடுப்பதால் இது உங்கள் சராசரி ஆட்டத்தைக் காட்டாது, நன்றாக ஆடும் நாளின் திறமையைத்தான் காட்டும். பெரும்பாலான நாட்களில் ஸ்கோர் இதைவிடக் கூடுதலாகத்தான் வரும். மனம் தளர வேண்டாம்.

படி 5. மைதானத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். இன்டெக்ஸ் 20.4 என்றால் 20.4 × 125 ÷ 113 + (71.2 − 72) = 21.8, அதாவது 22. படி 2-இல் வந்த 22 இப்படிக் கிடைத்ததுதான்.

மொபைல் செயலியை விட, குழிவாரியாகக் கையால் எழுதிய கார்டையே நான் நம்புகிறேன். மொத்தத்தை மட்டும் பதிந்தால் படி 2-ஐச் செய்யவே முடியாது.

பின்சேர்க்கை: "என்னிடம் மூன்று கார்டுதான் இருக்கிறது" என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது போதும். மூன்றில் குறைந்த டிஃபரென்ஷியலிலிருந்து 2.0 கழியுங்கள். நான்கு இருந்தால் 1.0 கழிக்க வேண்டும். ஐந்து இருந்தால் குறைந்ததை அப்படியே எடுக்கலாம். இன்டெக்ஸே இல்லாத புதியவருக்கு ஒரு குழியின் உச்சவரம்பு பார் + 5.