மார்கழியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: மழை எங்கே, உறைபனி எங்கே

கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் விடுமுறை கிடைப்பது டிசம்பர் கடைசியில். இலங்கையில், நம் ஊரில், அது மாரி மழைக் காலம். அதற்காகப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். நிரம்பித் தளும்பும் குளத்தையும், கையை நீட்டித் தண்ணீர் அள்ளக்கூடிய கிணற்றையும் பிள்ளைகள் அப்போதுதான் காண்பார்கள். ஆனால் எந்த இடத்துக்கு முதலில் போவது என்பதை மழையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்துவிடும். தைப்பொங்கல் நெருங்க, பெரும்பாலும் வானம் வெளித்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறை அப்படியில்லை, அங்கே ஜனவரியிலும் நல்ல மழை இருக்கும். கொழும்பும் காலியும் அந்த நேரத்தில் ஓரளவு காய்ந்திருக்கும். ஆகவே மூன்று கிழமை நிற்பதாக இருந்தால் கொழும்பு அலுவல்களை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் வடக்குக்கு ஏறுங்கள். திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முந்தியே கொழும்புக்கு வந்துவிடுவது நல்லது. 2018 டிசம்பரில் ஓர் இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் சனம் வீடுவாசலை விட்டு வெளியேறியது. அப்படியொரு நாளில் விமானத்தைப் பிடிக்க ஓடுவது ஆபத்து.

நெடுந்தீவு, நயினாதீவு போகிறவர்கள் கடலையும் பார்க்கவேண்டும். காற்று கிளம்பினால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகை நிறுத்திவிடுவார்கள். காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று நினைத்துப் போன நாங்கள், ஒருமுறை நெடுந்தீவில் இரண்டு இரவு தங்கவேண்டியதாகிவிட்டது. அம்மாவின் பிரஷர் மாத்திரை யாழ்ப்பாணத்தில் இருந்தது. அதற்குப் பிறகு மருந்துப் பை எப்போதும் கையோடுதான்.

இனி மலையகம். அங்கே இரண்டு விதமாக யோசிக்கவேண்டும். மழை நாட்களில் மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் எத்தனையோ உயிர்கள் போயின. தெருக்களும் ரயில் பாதையும் உடைந்தன. ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் ஓர் இடத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால், அங்கிருந்து வெளியேறவேண்டும் என்று அர்த்தம். ஹோட்டலுக்குக் கட்டிய காசை அப்போது பார்க்காதீர்கள்.

மழை விட்டு வானம் தெளிந்தால் உறைபனி. ஜனவரி, பெப்ரவரியில் வளிமண்டலவியல் திணைக்களம் ‘நுவரெலியாவில் அதிகாலை துகள் உறைபனி’ என்று சொல்வது இதைத்தான். இரவில் மேகம் இல்லாவிட்டால் நிலத்தின் சூடு நேரே மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடும். விடியற்காலையில் மரக்கறித் தோட்டத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், புல் நுனியிலும் உருளைக்கிழங்கு இலையிலும் உப்புத் தூவினதுபோல் வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். ஆனால் பனி பட்ட தேயிலைக் கொழுந்து பிறகு கருகிப்போகும். நமக்குப் படம் எடுக்கும் காட்சி, தோட்டத்து மக்களுக்கு அது வருமான இழப்பு. வரம்பு மிதித்து உள்ளே இறங்காதீர்கள். கொழும்பு வெயிலை நம்பிப் பருத்திச் சட்டையோடு போகாமல், ஸ்வெட்டர், காலுறை, பிள்ளைகளுக்குத் தொப்பி கொண்டுபோங்கள். நிறைய அறைகளில் ஹீட்டர் இருக்காது.

உடம்பு விஷயத்தைத்தான் நான் மிக அழுத்திச் சொல்வேன். மழைக்குப் பிறகு வடக்கில் டெங்கு கூடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலும் பரவி உயிர்களை எடுத்தது. வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்கவேண்டாம், காலில் புண் இருந்தால் கட்டாயம் வேண்டாம். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோன இபுபுரோஃபனைத் தொடாதீர்கள், டெங்குவில் அது இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் டொக்டரிடம் போய் இரத்தம் சோதியுங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தாலும், ஊருக்குப் போய்வந்ததை உங்கள் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. இறங்கியதும் போனில் பதிந்து வையுங்கள்.