ரிட்டர்ன் பெட்டிக்குள் வேறு பொருள் வந்தால் என்ன செய்வது

ஒரு கேமரா லென்ஸ் விற்றேன், பத்து நாளில் "ஃபோகஸ் சரியாக ஆகவில்லை" என்று திரும்பி வந்தது. பெட்டி என்னுடையது, சுற்றியிருந்த பபிள் ஷீட்கூட நான் சுற்றியதுதான், உள்ளே இருந்த லென்ஸ் மட்டும் வேறு. அதே மாடல், ஆனால் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை. விற்பனைத் தளத்தில் புகார் செய்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: நீங்கள் அனுப்பிய லென்ஸின் சீரியல் எண் என்ன? நான் குறித்து வைக்கவே இல்லை. பணமும் போனது, லென்ஸும் போனது.

அன்றைக்கு ஆத்திரமாக இருந்தாலும், யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. புகாரைப் படிப்பவருக்கு உங்களையும் தெரியாது, வாங்கியவரையும் தெரியாது, பொருளைக் கண்ணால் பார்க்கப்போவதும் இல்லை. சில நிமிடங்களில் அவர் முடிவு சொல்ல வேண்டும். அந்த நிமிடங்களுக்குள் அவர் கண்ணில் படுகிற மாதிரி என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதைத் தயார் செய்யும் நேரம் பார்சலை ஒட்டுவதற்கு முன்பு.

பார்சல் கிளம்பும் முன்

சீரியல் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். கைப்பேசி என்றால் *#06# அழுத்தினால் அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். அதுவும் பெட்டியில் அச்சாகியிருக்கும் எண்ணும் ஒரே படத்தில் இருக்கட்டும். சீரியல் எண் இல்லாத பொருளுக்கும் அடையாளம் உண்டு. ஓரத்தில் ஒரு சின்னக் கீறல், தையல் சற்று விலகிய இடம், மரத்தில் ரேகை ஓடும் விதம், இவற்றைக் கிட்டத்தில் எடுத்து வையுங்கள். புற ஊதா மை பேனாவால் மறைவான இடத்தில் ஒரு புள்ளி வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கான டார்ச் அடித்தால் மட்டும்தான் தெரியும். நல்ல வழிதான், ஆனால் பழம்பொருள், சேகரிப்புப் பொருள் விற்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், மதிப்பு குறைந்துவிடும்.

அப்புறம் எடை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதைவிடப் பயன்பட்டது எதுவும் இல்லை. ஒட்டி முடித்த பார்சலைத் தராசில் வைத்து, லேபிளும் தராசின் எண்ணும் ஒன்றாகத் தெரியப் படம் எடுங்கள். கூரியர் ரசீதில் எடை பதிவாகிறதா என்றும் பாருங்கள். அது மூன்றாவது ஆள் எழுதிக் கொடுத்த எண், உங்கள் சொல்லைவிட அதற்கு மதிப்பு அதிகம். காலிப் பெட்டியோ, கல்லோ, பழைய புத்தகமோ வைத்துத் திருப்பி அனுப்பும் ஆட்கள் பலர் மாட்டுவது இந்த எடையில்தான்.

பேக்கிங் வீடியோ எடுத்தால் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பொருளின் எண்ணில் தொடங்கி, பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, டிராக்கிங் எண் உள்ள லேபிளில் முடிய வேண்டும். நடுவில் கேமரா ஒரு நொடி விலகினாலும் அந்த நொடியைத்தான் கேள்வி கேட்பார்கள்.

துணி விற்பவர்களுக்கு வேறு தலைவலி: ஒரு விழாவுக்கு அணிந்துவிட்டு வியர்வை வாசனையோடு திருப்பி அனுப்புவார்கள். கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத டேக்கை, உள்பக்கம் வேண்டாம், முன்பக்கம் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். டேக் இல்லாமல் வந்தால் ரிட்டர்ன் கிடையாது என்ற நிபந்தனையை உங்கள் தளம் அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்து, அனுமதித்தால் விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பொருளில் உள்ள குறைகளையும் அங்கே ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஏமாற்றுபவர் பெரும்பாலும் பிடிக்கும் துரும்பு "விவரித்தபடி இல்லை" என்பதுதான், நீங்களே சொல்லிவிட்ட குறையை வைத்து அவரால் வாதாட முடியாது.

ரிட்டர்ன் கேட்டால்

முதலில், கேட்பவர் எல்லோரும் திருடர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே அளவு பொருந்தாமலோ, வழியில் உடைந்துபோயோதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி மரியாதையாக, "உதவ விரும்புகிறேன், சிக்கலும் சீரியல் எண்ணும் தெரியும்படி இரண்டு படம் அனுப்ப முடியுமா?" என்று தளத்தின் மெசேஜ் வழியாகவே கேளுங்கள். நேர்மையான ஆள் உடனே அனுப்பிவிடுவார். பொருளை மாற்றத் திட்டமிட்டிருப்பவர் பேச்சை மாற்றுவார், அந்தத் தயக்கமும் எழுத்தில் பதிவாகும். பதிலைத் தள்ளிப்போடாதீர்கள். ஈபேயில் 3 வேலை நாட்களுக்குள் தீர்வு சொல்லவில்லை என்றால் வாங்கியவர் தளத்தையே தலையிடச் சொல்லலாம், மற்ற தளங்களிலும் இப்படி ஒரு கெடு இருக்கும்.

"பாதிப் பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்" என்று எழுதினால் பேரம் பேசவே வேண்டாம். பெரிய தளங்களில் இப்படி மிரட்டுவது விதிமீறல். அந்த மெசேஜைப் புகார் செய்துவிட்டு, "பொருளைத் திருப்பி அனுப்புங்கள், சரிபார்த்ததும் முழுப் பணமும் தருகிறேன்" என்று மட்டும் பதில் எழுதுங்கள். பாதிப் பணத்துக்காக வந்தவர்கள் பல நேரம் அதோடு காணாமல் போய்விடுவார்கள்.

பார்சல் கைக்கு வந்ததும் கத்தரியை எடுக்காதீர்கள், முதலில் தராசை எடுங்கள். திறக்காத பெட்டியின் ஆறு பக்கங்களும், லேபிளும், எடையும் வீடியோவில் வரட்டும், அதே ஓட்டத்தில் திறந்து சீரியல் எண்ணைக் காட்டுங்கள். கணினி என்றால் வெளி எண் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது, உள்ளே ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டை உருவிக்கொண்டு கூட்டை மட்டும் திருப்புவார்கள். இதெல்லாம் வந்த அன்றே முடிந்துவிட வேண்டும். நான்கு நாள் கழித்து "உள்ளே வேறு பொருள்" என்றால், அந்த நான்கு நாளில் நீங்களே மாற்றியிருக்கலாமே என்ற கேள்வி வரும். சந்தேகம் இருக்கிறது என்று பார்சலை வாங்க மறுக்கவும் வேண்டாம், பல தளங்களில் அது உங்களுக்கு எதிராகவே முடியும்.

சில நேரம் டிராக்கிங்கில் "டெலிவர் ஆனது" என்று காட்டும், உங்களிடம் எதுவும் வந்திருக்காது. லேபிளில் முகவரியைத் திருத்தி, அதே பகுதியில் வேறு எங்கோ போய்ச் சேரும்படி செய்யும் மோசடி இது. கூரியர் நிறுவனத்திடம் டெலிவரி ஆன முகவரி, கையெழுத்து, எடை ஆகிய விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் வாதாடினால் டிராக்கிங் பக்கம்தான் ஜெயிக்கும்.

புகார் எழுதும்போது

"இவன் திருடன்" என்று எழுத கை துடிக்கும். எழுதாதீர்கள். படிப்பவர் சரிபார்க்கக்கூடிய விஷயம் மட்டும் போதும், இந்த மாதிரி: "அனுப்பிய எடை 1,140 கிராம், கூரியர் ரசீது இணைப்பு 1. திரும்பிய எடை 410 கிராம், படம் 2. அனுப்பிய சீரியல் எண் படம் 3, வந்தது படம் 4. இரண்டும் வேறு வேறு. ரீஃபண்டை நிறுத்தக் கோருகிறேன்." நாற்பது படம் இணைத்தால் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள், நான்கு போதும். முடிவு எதிராக வந்தால் அப்பீலில் அதே கதையைச் சத்தமாகச் சொல்வதில் பயனில்லை, புதிதாக ஓர் ஆதாரம் வேண்டும். பெரிய தொகை என்றால் காவல்துறையில் கொடுத்த புகாரின் நகல் அந்தப் புதிய ஆதாரமாக இருக்கலாம்.

தளத்தில் வாங்கியவர் தோற்றாலும், பணம் செலுத்திய வங்கியிடமோ பேபால் போன்ற இணையப் பணச் சேவையிடமோ பணத்தைத் திரும்பக் கேட்டு வருவார். பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள் வரை தகராறு எழுப்பலாம். கார்டு என்றால் விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான பொருள் தகராறுகளுக்கு 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. அதனால் படங்களை ஒரு மாதத்தில் அழித்துவிடாதீர்கள், நான் ஒரு வருடம் வைத்திருக்கிறேன். கார்டு தகராறு தொடங்கிய பிறகு பயந்துபோய்த் தனியாக ரீஃபண்ட் கொடுத்துவிடவும் வேண்டாம், ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போகும்.

லென்ஸ் போய் ஒரு வருடம் கழித்து இன்னொரு லென்ஸ் இதேபோல் மாறி வந்தது. இந்த முறை என்னிடம் சீரியல் எண் இருந்தது, எடை இருந்தது, ஐந்து வரியில் எழுதி அனுப்பினேன், இரண்டே நாளில் புகாரை எனக்குச் சாதகமாக மூடினார்கள். அன்றே அந்தக் கணக்கை ப்ளாக் செய்துவிட்டு, டெலிவரி முகவரியையும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் இப்படிப்பட்டவர்கள் அடுத்த முறை வேறு பெயரில் வந்தாலும் பார்சல் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.