முழங்கால் வீங்கி நோகும்போது வீட்டில் நாம் விடும் பிழைகள்

வைகாசிக் குளிர்த்திச் சடங்கு முடிந்த மறுநாள் அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை. இரவு முழுக்கக் கண்ணகை அம்மன் கோயில் மணலில் சம்மணம் கட்டி இருந்தவர், விடியற்காலை இரண்டு பேர் கைகொடுத்துத்தான் எழும்பினார். வீட்டில் வந்து பார்த்தால் வலது முழங்கால் சிரட்டை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். "உளைவு தாங்க ஏலாம இருக்கு மனே" என்றார். மூட்டுத் தேய்மானம் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். இப்படித் திடீரென்று கிளம்பும் நோவு பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தானாகத் தணியக்கூடியது. எங்கள் வீட்டில் அது ஒரு மாதம் இழுத்தது, அதில் பாதி எங்கள் கைவரிசை.

முதலில் சூடு. பக்கத்து வீட்டு மாமி வேப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் காய்ச்சிக்கொண்டு வந்தார், நான் ஓடிப்போய் எருக்கிலை பறித்து வந்தேன், தங்கச்சி முழங்காலைச் சுற்றிப் பலமாக உருவினாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, நாங்கள் "நோகத்தான் செய்யும், நரம்பு இளகுது" என்று தேற்றிக்கொண்டிருந்தோம். அன்றிரவு வீக்கம் இன்னும் ஏறியது. மூட்டுக்குள் சவ்வு அழன்று நீர் சுரந்து நிற்கிற நேரத்தில் வெளியே சூடும் வைத்து உருவியும் விட்டால் வேறென்ன நடக்கும்? ஒத்தடமே பிழை என்று சொல்லவில்லை, நேரம்தான் பிழை. உங்கள் புறங்கையை நோகிற முழங்காலில் ஒருதரமும் மற்ற முழங்காலில் ஒருதரமும் வைத்துப் பாருங்கள். நோகிற பக்கம் சுடுகிறது, புடைத்தும் இருக்கிறது என்றால் குளிர் ஒத்தடம். சூடும் வீக்கமும் இல்லை, காலையில் எழும்பும்போது இறுகிப்போய் மடக்க நீட்ட முடியவில்லை என்றால் அப்போது மாமியின் எண்ணெயும் நொச்சி இலையும் தாராளமாக வரட்டும், அழுத்தாமல் தடவினால் போதும்.

குளிரிலும் நான் பிழைவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீன் வியாபாரியிடம் ஐஸ் கேட்டு வாங்கி, பொலித்தீன் பையோடு நேரே தோலில் வைத்துக் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் தோல் சிவந்து திட்டாகி மரத்துப் போயிருந்தது. துவாயை நனைத்துப் பிழிந்து அதில் ஐஸைச் சுற்றி 15 முதல் 20 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு மறுபடி வைக்கலாம். பல வருடம் சீனி வருத்தம் இருந்து காலில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடானாலும் குளிரானாலும் பக்கத்தில் ஒருவர் இருந்து தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கொப்புளம் போட்டால்கூட அவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது குளிசை, இதில்தான் நான் அதிகம் பயந்தேன். மூன்றாம் நாள் ஒரு பாமசியில் "அம்மாவுக்கு முழங்கால் நோவு" என்று மட்டும் சொன்னேன், சின்னக் கடதாசி உறையில் மூன்று விதமான குளிசை வந்தது, கார்டைக் கத்தரித்துக் கொடுத்ததில் பெயர் எதுவும் மிஞ்சவில்லை. குடித்த அன்றே அம்மா எழும்பி நடந்தார், கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொன்னார். நாலு நாளில் சீனி எகிறிவிட்டது. கிளினிக்கில் டொக்டர் உறையைப் பிரித்துப் பார்த்து, ஒன்று டைக்குளோபெனாக், இந்தச் சின்னது பிரெட்னிசலோன் என்றார், ஸ்டீரொய்ட். நோவு சட்டென்று நின்றதன் இரகசியம் அதுதான், சீனி ஏறியதன் காரணமும் அதேதான்.

டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் வகைக் குளிசைகள் நல்ல மருந்துகள்தான், ஆளைப் பார்த்துக் கொடுத்தால். பிரஷருக்கு லொசார்டன் அல்லது எனலாபிரில் குடிப்பவர், அதோடு சலம் போக்கும் குளிசையும் எடுப்பவர், மேலே இதையும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அடித்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், வோபரின் எடுப்பவர்களுக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே பரவலாக இருக்கிற அம்பாறை மாவட்டத்துத் தெஹியத்தகண்டிப் பக்க ஆட்கள் இன்னும் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். முழங்காலுக்கு மட்டும் என்றால் பூசுகிற டைக்குளோபெனாக் ஜெல் இருக்கிறது, இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, முதலில் அதைக் கேளுங்கள்.

பனடோல், அதாவது பரசிற்றமோல், பாதுகாப்பானது என்று எண்ணாமல் விழுங்குவதும் பிழை. 500 மில்லிகிராம் குளிசை ஒருவருக்கு ஒருநாளில் 8க்கு மேல் கூடாது, ஒவ்வொரு வேளைக்கும் இடையில் குறைந்தது 4 மணித்தியாலம். மெலிந்த வயதானவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் இதைவிடக் குறைவு. தடிமலுக்கு வாங்குகிற பல குளிசைகளுக்குள்ளும் அதே பரசிற்றமோல் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேருங்கள். அப்புறம் மாரி காலத்தில் காய்ச்சலோடு மூட்டு நோவு வந்தால் அது முழங்கால் விஷயமாகவே இல்லாமல் இருக்கலாம். 2006 கடைசியில் சிக்குன்குனியா மட்டக்களப்பைப் பிடித்தபோது ஊரே குனிந்து நடந்தது ஞாபகம் இருக்கும். டெங்கு என்ற சந்தேகம் தீரும்வரை டைக்குளோபெனாக் பக்கமே போகக்கூடாது, பனடோல் மட்டும்தான்.

"கட்டிலை விட்டு இறங்காதீங்க அம்மா." இதைச் சொன்னது நான். ஒருநாள், இரண்டு நாள் நடமாட்டத்தைக் குறைப்பது சரி. நான் கிளினிக்குக்குப் போய் வந்த பிறகு பத்து நாள் படுக்க வைத்தேன், சாப்பாடு கட்டிலுக்கு, தேத்தண்ணி கட்டிலுக்கு. அதோடு கால் நீட்டினால் நோகிறது என்று சாரனைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து இரவு பகலாக மடக்கியே வைத்திருந்தார். பதினோராம் நாள் எழும்பி நின்றபோது வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் கால் முழுதாக நீளவில்லை, தொடைச் சதை தொளதொளவென்று தொங்கியது. முழங்காலைத் தாங்குவதே அந்தத் தொடைச் சதைதான், அது போனால் அடுத்த நோவு இன்னும் சுருக்காக வரும்.

பிறகு பிசியோதெரபி பிள்ளை காட்டித் தந்தது இவ்வளவுதான்: காலை நீட்டி இருந்து, துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதைக் கட்டிலோடு அமத்துவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், பத்துத் தரம், ஒருநாளில் மூன்று நாலு வேளை. முடிந்ததும் துவாயை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் மணித்தியாலத்துக்கு ஒருதரம் குசினிவரை போய் வரலாம். நடந்ததால் ஏறிய நோவு அடுத்த நாள் காலையில் அடங்கியிருந்தால் அந்த நடை சரியான அளவு. அடங்கவில்லையா, மறுநாள் பாதியாக்குங்கள்.

கொஞ்சம் சுகம் கண்டதும் அம்மா செய்த முதல் வேலை, துருவலையில் குந்தித் தேங்காய் துருவியது. தரையோடு குந்தும்போது முழங்காலுக்குள் ஏறுகிற அழுத்தத்துக்கு அளவே இல்லை, எழும்பும்போது இன்னும் மோசம். துருவலையை மேசையில் பூட்டுகிற வகையாக மாற்றினோம், முந்நூறு தரம் வாக்குவாதப்பட்ட பிறகு. கக்கூசுக்கு நடுவில் ஓட்டை உள்ள கதிரை வாங்கி வைத்தோம், வெட்கப்பட்டார், இரண்டு நாளில் பழகிவிட்டது. தொழுகையைக் கதிரையில் இருந்து தொழ மார்க்கத்திலேயே இடமிருக்கிறது என்று தெரிந்தும் காத்தான்குடியில் இருக்கும் என் கூட்டாளியின் வாப்பா பிடிவாதமாகத் தரையில் இருந்தே தொழுது, நோவைக் கூட்டிக்கொண்டார்.

பொல்லை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பத்துக்கு ஒன்பது பேர் பிழை. நோகிற கால் வலது என்றால் பொல்லு இடது கையில், இரண்டும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நேரே நின்று கையைத் தொங்கவிட்டால் பொல்லின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். முழங்கால் பட்டியை நித்திரையிலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம்.

பருப்பு வாய்வு, கிழங்கு வாய்வு என்று சோற்றுத் தட்டைக் காலியாக்குவது வேறொரு கூத்து. பருப்பால் மூட்டுத் தேய்வதில்லை. பாரம் குறைப்பதென்றால் அது பலன் தரும், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது. ஆனால் அது மாதக்கணக்கு வேலை, நோவு இருக்கிற கிழமையில் பட்டினி போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. எக்ஸ்றேயைப் பார்த்து "தேஞ்சு முடிஞ்சுது" என்று யாராவது சொன்னதோடு மனம் விடுவதும் அப்படித்தான், படத்தில் மோசமாகத் தெரிகிற முழங்காலோடு உகந்தை வழியாகக் கதிர்காமம் நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான எண்ணம். சில மணித்தியாலத்தில் முழங்கால் சிவந்து கொதித்து, காய்ச்சல் அல்லது நடுக்கமும் வந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. சீனி உள்ளவர்களுக்கும் ஸ்டீரொய்ட் குடித்தவர்களுக்கும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமலும் இருக்கும். விழுந்தபின் கால் ஊன்றவே முடியவில்லை, மூட்டு மடங்கியபடியே பூட்டிக்கொண்டது, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி நோகிறது, இவையும் அப்படித்தான். வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். போகும்போது கிளினிக் கொப்பியையும் வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசைக் கார்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், தலகணிக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிற கடதாசி உறையையும் சேர்த்து. எங்கள் அம்மாவிடம் இரண்டு இருந்தன.