முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்: மருத்துவக் கல்லூரி ஆய்வில் ரத்த மாதிரி ஏற்பாடு

ஆய்வுக்கென்று எடுத்த ரத்தம் கெட்டுப்போனால், அதே நோயாளியிடம் அதே நிலையில் இன்னொரு முறை எடுக்க வழியே இல்லை. அவர் நம்பிக் கை நீட்டியது வீண். அதனால் ஏற்பாடு எல்லாம் முதல் ஊசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் புள்ளியியல் நிபுணரைப் பாருங்கள். எத்தனை பேர் தேவை என்பது பின்னால் மாறினால், எதிக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் போட்டு மறுபடி காத்திருக்க வேண்டிவரும். மிச்ச ரத்தத்தை வேறு ஆய்வுக்குச் சேமிக்கலாமா என்பதை ஒப்புதல் படிவத்தில் தனிக் கேள்வியாகவே வையுங்கள். மருந்துச் சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) எண் கையில் இருக்க வேண்டும். நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு செய்யும் பதிவுகளை 2018 ஏப்ரல் முதல் அந்தப் பதிவேடு ஏற்பதில்லை.

அடுத்து ஆய்வகம். அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) குழாயை முதலில் நிரப்பி, ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம்) உள்ள குழாயை அதன் பிறகு நிரப்புங்கள். ஈடிடிஏ ஒரு துளி சீரத்தில் கலந்தாலும் பொட்டாசியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டும். ஈடிடிஏ குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். சீரம் குழாய், ரத்தம் உறைவதற்காக, 30 நிமிடம் நிமிர்ந்து நிற்கட்டும். அவசரப்பட்டுச் சுழற்றினால், உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரத நூல்கள் மிதந்து பரிசோதனைக் கருவியின் ஊசியை அடைக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

ரத்தக் குழாய்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கு "3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று), 10 நிமிடம்" என்று எழுதி வைப்பது பழக்கம். அது போதாது. அச்சின் நடுவிலிருந்து குழாயின் அடி வரை 16 செ.மீ. உள்ள கருவியில் 3000 சுற்று என்பது சுமார் 1600 ஜி (புவியீர்ப்பைப் போல 1600 மடங்கு விசை), 10 செ.மீ. என்றால் 1000 ஜி-தான். ஆரத்தை அளந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்: ஜி = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்பிஎம் × ஆர்பிஎம். நெறிமுறையில் ஜி அளவையே எழுதுங்கள்.

சுழற்றிய ஈடிடிஏ குழாயில் மேலே நிற்கும் பிளாஸ்மாவை உறிஞ்சும்போது, அதற்கும் சிவப்பணுக்களுக்கும் நடுவிலுள்ள வெள்ளணுப் படலத்துக்கு மேலே அரை செ.மீ. விட்டுவிடுங்கள். 0.5 மி.லி. வீதம் சின்னக் குப்பிகளில் பிரித்து வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் பல புரதங்கள் சிதையும். உறைகுளிருக்கென்று செய்த லேபிள்தான் ஒட்டியிருக்கும், சாதா ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும். லேபிளில் பெயர் வேண்டாம், ஆய்வுக் குறியீடு மட்டும் போதும்.

குப்பிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃபிரீசர் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்தே சோதியுங்கள். ஒவ்வொருவரின் குப்பிகளையும் இரண்டு ஃபிரீசர்களில் பிரித்து வைப்பது நல்லது. பனி தானாக உருகும் வகை மைனஸ் 20 ஃபிரிட்ஜை நீண்ட நாள் சேமிப்புக்கு நம்பாதீர்கள். பனியை உருக்க அது அவ்வப்போது சூடேறும்.

கடைசியாக, தண்ணீர் நிரப்பிய குழாய்களை வைத்து வார்டிலிருந்து ஃபிரீசர் வரை ஒரு ஒத்திகை பாருங்கள். சனிக்கிழமை மதியம் பாருங்கள்; அன்றைக்கு ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.