அச்சுப்படியை முதலில் கொடுக்காதீர்கள்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களிடம் விளக்கி ஆர்டர் பெறுவது என் தொழில். அண்மையில் பெருங்குடியில் எங்கள் புதிய பொறியாளர்கள் இருவர் பேசியதைப் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். நான் தொடக்க நாட்களில் செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்தார்கள். மைக், கேபிள் சங்கதிகளை ஒருமுறை பட்டாலே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேசும் முன்பே தாளைக் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தொழிலுக்கு வந்த புதிதில், வேளச்சேரியில் ஒரு மொட்டைமாடிப் பந்தலில், வந்திருந்த 30 பேருக்கும் ஸ்பைரல் பைண்டிங் செய்த 14 பக்கப் பிரதியை மரியாதை என்று நினைத்து முதலிலேயே வழங்கினேன். காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவை எப்படித் தின்கின்றன என்று இரண்டாம் ஸ்லைடில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தாள் புரளும் ஓசைதான் கேட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தபடி, "தம்பி, இந்த விலையில ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா?" என்றார். அதன்பின் விலையைத் தவிர வேறு பேச்சே இல்லை. சுத்திகரித்த நீரைக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் திருப்பினால் கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் மிச்சமாகும் என்ற கணக்கு ஒன்பதாம் ஸ்லைடில் இருந்தது. அந்த விலைக்கு நியாயம் சொல்லக்கூடியது அது ஒன்றே, அதுவரை நான் போகவே இல்லை. ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று.

வாய் சொல்வதைவிடக் கண் விரைந்து படித்துவிடும். படிப்பவரின் மனத்துக்குள் அந்தச் சொற்கள் ஓடிக்கொண்டிருக்கையில் நம் பேச்சு ஏறாது. "அவங்களே கேட்டாங்க சார்" என்கிறார்கள் புதியவர்கள். கேட்டாலும் முடிவில் தருவதாகச் சொல்லுங்கள். லாரிக் கணக்கு மட்டும் உள்ள ஒற்றைத் தாளை, அந்தக் கணக்கைப் பேசும்போது கொடுக்கலாம்.

முடிந்த ஸ்லைடைத் திரையில் விட்டுவைப்பது

கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பவர்பாயின்ட் ஸ்லைடு ஷோவில் 'பி' (B) விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பும்.

திரையைப் பார்த்துப் படிப்பது

வேண்டாம்.

நேரத்தை மீறுவது

உலகப் புகழ்பெற்ற டெட் (TED) சொற்பொழிவு மேடையிலேயே அதிகபட்சம் 18 நிமிடம்தான் தருகிறார்கள். நம் கூட்டமோ ஞாயிறு காலையில். கறிக்கடைக்குப் போக வேண்டியவர்கள் பையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.