மத மோதல்களை நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது எப்படி? கொளப்பள்ளியிலிருந்து ஒரு வழிமுறை

நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் கொளப்பள்ளியில் இருக்கிறேன். பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். ஞாயிறு பிற்பகல் கல்லூரிப் பிள்ளைகளோடு ஒரு வாசிப்பு வட்டமும் நடக்கிறது. வருகிறவர்களில் நிறையப் பேர் என்னைப் போலவே சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். மலையாளம் பேசும் முஸ்லிம் பிள்ளைகள், கிறிஸ்தவர்கள், படுகர் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். இந்த அறையில் பெரும்பான்மை, மதம் என்று பேச்சு எடுத்தால் உடனே ஒருவர் பாகிஸ்தானை இழுப்பார், இன்னொருவர் இலங்கைப் பிக்குகளை இழுப்பார். வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் சாட்சிக்கு வரும். சத்தம்தான் மிஞ்சும், யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. பல நாடுகளின் பெரும்பான்மைவாத இயக்கங்களை ஒழுங்காக ஒப்பிட விரும்புகிறவர்களுக்காக, நாங்கள் செய்யும் முறையை எழுதுகிறேன்.

மூன்று நாடுகள் போதும். ஆனால் அந்த மூன்றைப் பார்த்து எடுக்க வேண்டும். ஒன்று உங்கள் ஆட்கள் சிறுபான்மையாக அடிபட்ட நாடு. இரண்டாவது உங்கள் ஆட்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடு. மூன்றாவது உங்களுக்கு எந்தப் பக்கமும் உறவில்லாத நாடு. எங்களுக்கு இலங்கை, இந்தியா, வட அயர்லாந்து என்று அமைந்தது. இலங்கையில் இந்துத் தமிழன் சிறுபான்மை. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் கிட்டத்தட்ட 80 சதவீதம். ஒரே குடும்பம் கடலைத் தாண்டினால் பக்கம் மாறிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கலவரத்திலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் 1983 ஜூலையிலிருந்துதான் இலங்கையைப் பேசுகிறார்கள். நான் குடியுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். யார் இந்த நாட்டுக்காரர் என்று ஒரு அரசு காகிதத்தில் எழுதும் இடத்தில்தான் பெரும்பான்மைவாதம் முதலில் கண்ணுக்குத் தெரியும். தீ வைப்பது பல வருடம் கழித்து வரும்.

இலங்கை 1948 பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே வருடக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, தகப்பன் வழியில் தாத்தாவும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு எந்தச் சான்று இருக்கும்? இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளிகள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள், மற்ற தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கை கொடுத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அன்று மதத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆட்சிக்கு வேண்டாத வாக்குகள் அழிக்கப்பட்டன.

அப்புறம் 1964 அக்டோபரில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழர் 9,75,000 பேரை இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு போட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்ததில் என் அப்பாயி இந்தியாவுக்கு, அவருடைய தங்கை இலங்கைக்கு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து, திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். இங்கே அவருக்குப் பெயர் சிலோன்காரி. அங்கே இந்தியாக்காரி. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மும், அதை நான் மறைப்பதில்லை.

இனி அதே கேள்வியை மற்ற நாடுகளிடம் கேளுங்கள். வட அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுவரி கட்டும் வீட்டுக்காரருக்கும் துணைக்கும்தான் வாக்கு இருந்தது. ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்த, வயது வந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வாக்கில்லை. டெர்ரி நகரில் கத்தோலிக்கர் அதிகம். ஆனால் வார்டு எல்லைகளை வரைந்த விதத்தில் நகரசபை எப்போதும் புராட்டஸ்டன்ட் யூனியனிஸ்டுகள், அதாவது பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பியவர்கள், கையில் இருந்தது. 1968இல் தெருவுக்கு வந்தவர்கள் கேட்டது ஆளுக்கொரு வாக்கு, வீடு, வேலை. இந்தியாவில் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எடுங்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவருக்கு அது வழி திறக்கிறது, முஸ்லிமுக்குத் திறக்கவில்லை. அந்த நாடுகளில் இஸ்லாம்தான் அரசு மதம், அங்கே நசுக்கப்படுவோருக்காகத்தான் இது என்பது ஆதரிப்பவர்கள் வாதம். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, பௌத்தத்துக்கு முதலிடம் என்று 1972 முதல் அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கும் இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகள் இந்தச் சட்டத்தில் இல்லை என்பதையும் எழுதுங்கள். எங்கள் வட்டத்தில் அதிக நேரம் அமைதியாக யோசித்தது இந்த வரியின் முன்னால்தான்.

சட்டம் முடிந்ததும், பெரும்பான்மைக்கு என்ன பயம் என்று கேளுங்கள். இதை நேர்மையாகச் செய்யாவிட்டால் ஒப்பீடு வெறும் வசவாகிவிடும். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 'சிங்கள மட்டும்' சட்டம் வந்தபோது, ஆங்கிலத்திலேயே நடந்த அலுவலகத்தில் தன் மகனுக்கு ஒரு எழுத்தர் வேலைகூடக் கிடைக்காத சிங்கள விவசாயிக்கு இருந்தது உண்மையான குறை. இன்று நாட்டில் சுமார் 70 சதவீதம் பௌத்தர். இருந்தும் கடலுக்கு அப்பால் கோடிக்கணக்கான தமிழர் இருக்கிறார்கள், நமக்கு இந்தத் தீவை விட்டால் வேறு இடமில்லை என்ற அச்சம். வட அயர்லாந்து புராட்டஸ்டன்டுக்கும் அதேதான்: தன் ஆறு மாவட்டத்தில் அன்று பெரும்பான்மை, முழு அயர்லாந்தில் சிறுபான்மை. பயத்தை எழுதும் இடத்தில் மக்கள்தொகை எண்ணையும் எழுதுங்கள். மியான்மரில் முஸ்லிம்கள் சுமார் 4 சதவீதம். அங்கேதான் 2015இல், மதமாற்றம், கலப்புத் திருமணம், பலதாரமணம், பிள்ளைப்பேறு இடைவெளி என்று இனத்தையும் மதத்தையும் காப்பதாக நான்கு சட்டங்கள் வந்தன. எண்ணையும் பயத்தையும் அருகருகே பார்க்கும் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புனித நூலில் காரணம் தேட வேண்டாம். அகிம்சை பேசும் பௌத்தம் எப்படி இப்படி என்று எல்லா மாணவரும் கேட்பார்கள். எதிரி எப்போது மாறினான் என்று பார்க்கச் சொல்லுங்கள். 1915இல் சிங்களர் தாக்கியது முஸ்லிம்களை. 1958இலும் 1983இலும் தமிழரை. 2009இல் போர் முடிந்தது. 2012இல் பொது பல சேனா என்ற கடும்போக்குச் சிங்கள பௌத்த அமைப்பு தோன்றியது. 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் மறுபடி முஸ்லிம்கள். நூல் மாறவே இல்லை. சிங்கள மட்டும் சட்டம் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்காவை 1959இல் சுட்டது ஒரு பௌத்த பிக்கு என்பதும் இந்த வரிசையில் வர வேண்டும். இயக்கங்கள் ஒன்றிடம் ஒன்று கற்பதையும் கவனியுங்கள்: மியான்மரில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிவந்த பிக்கு விராத்து தேரரை பொது பல சேனா 2014இல் கொழும்புக்கு அழைத்து மேடையேற்றியது.

உங்கள் பக்கத்துக் குற்றங்களும் ஒப்பீட்டை எழுதும் தாளில் ஏற வேண்டும். இது கடினம், விட்டுவிட முடியாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதும், அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியதும் புலிகள். மலைக்குக் கீழே கோவையில், 1997 நவம்பரில் ஒரு காவலர் கொலைக்குப் பின் நடந்த கலவரத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நவம்பரை இந்து வீட்டுப் பிள்ளையும் பிப்ரவரியை முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் படித்துச் சொல்வது எங்கள் வழக்கம்.

வேற்றுமைக்கு என்று ஒரு பத்தி கட்டாயம் ஒதுக்குங்கள். 'இந்தியா இன்னொரு இலங்கை ஆகிவிட்டது' என்று ஒருவர் எழுதினால் நான் 1965ஐக் கேட்பேன். இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாடு எரிந்தபோது டெல்லி இறங்கி வந்தது. ஆங்கிலம் நீடிக்க 1967இல் சட்டத்தையே திருத்தினார்கள். கொழும்பிலும் 1957இல் பண்டாரநாயக்கா தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டார். பிக்குகள் அவர் வீட்டு முன்னால் உட்கார்ந்ததும் அடுத்த வருடம் அதைக் கைவிட்டார். தமிழ் ஆட்சிமொழியாக 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் இந்துக்கள் பல மொழிக்காரர்கள், பல மாநிலத்தார். மொழியும் மதமும் இலங்கைபோல ஒரே கோட்டில் வருவதில்லை. அதனால் இங்கே ஆபத்து இல்லை என்று ஆகாது. ஆபத்து வரும் பாதை வேறு.

எது தணித்தது என்பதையும் தேடுங்கள். 1968க்குப் பின் மூண்ட மோதலில் சுமார் 3,500 உயிர் போன பிறகு வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தம், இரு தரப்பும் சேர்ந்தால்தான் அரசு என்று விதித்தது. இலங்கையில் மீதமிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல் சட்டம் குடியுரிமை கொடுத்தது, 55 வருடம் கழித்து.

தாளை எப்படி வைப்பது என்று கேட்பவர்களுக்கு: பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். நாட்டுக்கு ஒரு நெடுவரிசை. குறுக்கே சட்டம், பயம், எண், கலவரத்தில் காவல்துறை என்ன செய்தது, தணிந்தது எப்படி. காவல்துறை வரியைக் காலியாக விடாதீர்கள். 1983இல் கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. பட்டியல் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி எந்த ஊர்க் கலவரத்துக்கும் பொருந்தும். ஆண்டு தெரியாத செய்தியைத் தாளில் ஏற்றாதீர்கள்.

மூன்று நாடு முடிந்தவர்கள் மலேசியாவை எடுக்கலாம். அங்கேயும் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் இருக்கிறார்கள். மலாய்க்காரர் என்றால் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், மலாய் பேசுபவர், மலாய் வழக்கப்படி வாழ்பவர் என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு சொல்கிறது. முதல் வாரத்துக்கு அந்த ஒரு பிரிவையும், மலாய்க்காரருக்குச் சிறப்பு நிலை தரும் 153ஐயும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.