இயற்பியல், நுண்கணிதம், அறிவியல் மெய்யியல்: சேர்த்துப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? நுழைவுத் தேர்வுக்கு ஊறிப்போய்த் தயாரானவர்கள்கூடச் சட்டென்று ‘சுழி’ என்று சொல்லிவிடுகிற கேள்வி இது.

பந்தை 19.6 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறிந்ததாக வைத்துக்கொள்வோம். 2 விநாடியில் உச்சி. 1.9ஆவது விநாடியில் அது மேல்நோக்கி 0.98 மீ/வி வேகத்தில் போகிறது. 2.1ஆவது விநாடியில் கீழ்நோக்கி அதே 0.98. இடைப்பட்ட 0.2 விநாடியில் திசைவேகம் 1.96 மீ/வி மாறியிருக்கிறது. வகுத்துப் பாருங்கள், 9.8 வரும். இடைவெளியை 0.02 ஆக்கினாலும் 0.002 ஆக்கினாலும் விடை அசையாது. உச்சியில் முடுக்கம் சுழி என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சார்பின் மதிப்பையும் அது மாறும் வீதத்தையும் ஒன்றாக நினைத்ததுதான் பிழை. வேடிக்கை என்னவென்றால், ஒரு கோடு அச்சை வெட்டும் இடத்தில் அதன் சாய்வு சுழியாக இருக்கத் தேவையில்லை என்று கணக்கு வகுப்பில் அதே மாணவர் தயங்காமல் சொல்வார். கணக்கு நோட்டுக்கும் இயற்பியல் நோட்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிட்டது. கூடவே அறிவியல் மெய்யியலும் படிக்க உட்கார்ந்தால் சுவர் இரண்டாகிறது.

சூத்திரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது

‘வி ஈக்வல் டு யூ பிளஸ் ஏடி’ (இறுதி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம்) என்பதை மந்திரம்போல் ஒப்பிப்பவர்கள், அதோடு ஒட்டியிருக்கும் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே அது செல்லும். ஓய்விலிருந்து கிளம்பும் வண்டியின் முடுக்கம் நேரத்தின் இரு மடங்காக வளர்கிறது என்று ஒரு கணக்கு. 3 விநாடியில் அது எவ்வளவு தூரம் போகும்? மனப்பாடக்காரர் 3ஆவது விநாடியின் முடுக்கமான 6-ஐ எடுத்துச் சூத்திரத்தில் போடுவார். வேகம் 18 மீ/வி, தூரம் 27 மீட்டர் என்று வரும். தொகையிட்டுப் பார்த்தால் வேகம் நேரத்தின் வர்க்கம், அதாவது 9 மீ/வி. தூரம் நேரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 9 மீட்டர். விடை மூன்று மடங்கு பிசகிவிட்டது.

சுருள்வில்லிலும் இதே கதைதான். ஒரு மீட்டருக்கு 200 நியூட்டன் என்ற விறைப்புள்ள வில்லை 10 செ.மீ. இழுக்கிறோம். கடைசியில் இருக்கும் விசை 20 நியூட்டன். அதைத் தூரத்தால் பெருக்கி 2 ஜூல் வேலை என்று எழுதுவது வழக்கமான பிழை. விசை சுழியிலிருந்து படிப்படியாக ஏறி 20-ஐ அடைந்தது. வரைபடத்தில் அது ஒரு முக்கோணம், பரப்பு 1 ஜூல்.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒவ்வொரு சூத்திரத்தையும் நோட்டில் எழுதும்போது அதன் அடியிலேயே ‘எது மாறாமல் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் சூத்திரம் இன்னும் உங்களுடையதாகவில்லை.

தொகையிட்டபின் வரும் மாறிலியை அலட்சியமாக விடுவது இன்னொரு பழக்கம். கணக்குத் தாளில் அதை மறந்தால் அரை மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இயற்பியலில் அது பந்து எங்கிருந்து, என்ன வேகத்தில் கிளம்பியது என்பதைச் சொல்லும் எண். இருமுறை தொகையிட்டால் இரண்டு மாறிலி வரும். தொடக்க இடம் ஒன்று, தொடக்கத் திசைவேகம் மற்றொன்று. விதி எல்லாப் பந்துக்கும் பொது. இந்த இரண்டு எண்கள் உங்கள் கையிலிருக்கும் பந்துக்கு மட்டும் உரியவை.

கலிலியோவே தடுக்கிய படி

விழும் பொருளின் வேகம் எதோடு சேர்ந்து வளர்கிறது, கடந்த தூரத்தோடா, கழிந்த நேரத்தோடா? 1604இல் வெனிஸ் துறவி பாவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ தூரத்தோடு என்றுதான் எடுத்துக்கொண்டார். கேட்க நியாயமாகவும் படுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு பலமான அடி. இன்றைக்கும் இந்தக் கேள்வியைத் தயாரிப்பில்லாமல் கேட்டால் தூரம் என்று சொல்பவர்கள் உண்டு.

வேகம் தூரத்துக்கு நேர்விகிதம் என்று வைத்து ஒரு வரி வகைக்கெழுச் சமன்பாடு எழுதுங்கள். கிளம்பும் இடத்தில் தூரம் சுழி, ஆகவே வேகமும் சுழி. வேகம் சுழியானால் தூரம் சுழியாகவே இருக்கும். தீர்வு ஓர் அடுக்குக்குறிச் சார்பு. அதன் தொடக்க மதிப்பு சுழி என்றால் எத்தனை யுகம் போனாலும் சுழிதான். கையை விட்ட கல் கையடியிலேயே நிற்கும்.

1638இல் வெளிவந்த நூலில் அவர் வேகத்தை நேரத்தோடு சேர்த்துவிட்டார். சாய்ந்த பலகையின் பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து வழியும் தண்ணீரை நிறுத்து நேரம் கணித்ததை அதில் விவரிக்கிறார். அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாக ஏறும். நேரே விழும் கல்லுக்கு முதல் விநாடியில் 4.9 மீட்டர், அடுத்ததில் 14.7, அதற்கடுத்து 24.5 என்று போட்டுப் பார்த்தாலும் அதே விகிதம். சமன்பாட்டைப் பிறகு மனப்பாடம் செய்யலாம். இந்த ஒரு படியில் மூன்று பாடமும் சந்திக்கின்றன என்பதால் இதை ஒரு மாலை முழுக்க வைத்துப் பார்ப்பது வீண் போகாது.

நுண்கணிதம் முடியட்டும் என்று காத்திருப்பது

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாம் அலகே இயக்கவியல். கணிதத்தில் எல்லையும் வகையிடலும் தொகையிடலும் இரண்டாம் தொகுதியில்தான் வரும். ஆகவே கணக்கு வாத்தியார் அங்கே வந்து சேரும்வரை இயற்பியலில் சூத்திரத்தை வைத்து ஓட்டுவோம் என்று பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். இயற்பியல் புத்தகத்திலேயே வகையிடலுக்கும் தொகையிடலுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். தாண்டிப் போகும் பக்கங்களும் அவையே. முதல் ஆறு மாத இயற்பியலுக்குத் தேவையான கையிருப்பு சிறியது: அடுக்குகள், சைன், கொசைன் ஆகியவற்றின் வகைக்கெழு, சங்கிலி விதி, அடுக்குகளின் தொகையீடு, வரைபடத்தின் பரப்பு. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. எல்லைக்குக் கறாரான வரையறை புரியாமல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன் என்பவர்கள். நியூட்டனின் பிரின்சிப்பியா 1687இல் வந்தது. ‘மறைந்துபோன அளவுகளின் ஆவிகள்’ என்று ஐரிஷ் மெய்யியலாளர் பார்க்லி நுண்கணிதத்தைக் கேலி செய்தது 1734இல். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி எல்லையை அடித்தளமாக வைத்துப் பாடம் எழுதியது 1821இல். நடுவில் 130 ஆண்டுக்கு மேல் வானியலும் இயந்திரவியலும் நிற்காமல் ஓடின. பார்க்லியின் ஆட்சேபம் சரியானதுதான். அதைப் படியுங்கள், ஆனால் கணக்குப் போடுவதை நிறுத்தாதீர்கள்.

வகைக்கெழுவைப் பின்னம்போல் மேலும் கீழும் வெட்டுவது முதலாண்டு இயக்கவியலில் பெரும்பாலும் கைகொடுக்கும், ஏனென்றால் பின்னால் சங்கிலி விதி நின்று தாங்குகிறது. வெப்ப இயக்கவியலுக்குள் போனதும் அந்தக் குறுக்குவழி காலை வாரும். ஒரு வாயுவின் அழுத்தம், பருமன், வெப்பநிலை மூன்றையும் ஒன்றுக்கொன்று பகுதி வகையிட்டு வட்டமாகப் பெருக்கினால், பின்னமாக வெட்டுபவருக்கு 1 வரும். உண்மையில் வருவது −1.

பாகைக்கும் ரேடியனுக்கும் இடையில் நடக்கும் குளறுபடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைனின் வகைக்கெழு கொசைன் என்பதே ரேடியனில் மட்டும் உண்மை. 10 பாகை என்பது 0.1745 ரேடியன், அதன் சைன் 0.1736, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கால்குலேட்டரைப் பாகையில் வைத்துவிட்டு 0.1745-ஐ அழுத்தினால் 0.00305 என்று வரும். தேர்வறைக்குள் நுழைந்ததும் 30-இன் சைனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 0.5 வந்தால் பாகையில் இருக்கிறது என்று பொருள்.

ஒரு சோதனை தப்பினால் கோட்பாடு செத்ததா?

மெய்யியல் பக்கம் வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது மெய்யியலாளர் கார்ல் பாப்பரின் பொய்ப்பித்தல் கொள்கையை, அதாவது பொய்யென்று காட்ட வழியுள்ள கூற்றே அறிவியல் என்ற கருத்தை. ஒரே ஒரு முரணான சோதனை போதும், கோட்பாடு வீழ்ந்தது என்று அதைச் சுருக்கிவிடுகிறார்கள். இந்தச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்ப் பாருங்கள்.

தனி ஊசல். நீளம் 1 மீட்டர். 20 அலைவுக்கு நேரம் எடுக்கிறோம். 38.1 விநாடி. இருபதால் வகுத்தால் அலைவு நேரம் 1.905 விநாடி, புவியீர்ப்பு முடுக்கம் கிட்டத்தட்ட 10.9 என்று வருகிறது. நியூட்டன் வீழ்ந்தாரா? ஊசல் குண்டை விட்டதும் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால், ‘இருபது’ என்று சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுதான். 38.1-ஐ 19-ஆல் வகுத்தால் 2.005 விநாடி, முடுக்கம் 9.8. விடும்போது ‘சுழி’ என்று எண்ண வேண்டும். இந்த ஒரு எண் தவறினால் விடையில் பதினோரு சதவீதம் போய்விடும்.

அதுவும் இல்லையென்றால் தேட இன்னும் இடங்கள் இருக்கின்றன. நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் மேல்விளிம்போடு நிறுத்தினால், 2 செ.மீ. விட்டமுள்ள குண்டுக்கு ஒரு சதவீதம் குறைவாக வரும். 30 பாகைக்கு இழுத்துவிட்டால் அலைவு நேரம் சுமார் 1.7 சதவீதம் கூடும், ஏனென்றால் பாடநூல் சூத்திரம் சிறு கோணத்துக்கு மட்டுமே. ஒரே ஓர் அலைவை மட்டும் கடிகாரத்தில் பிடித்தால், கை தாமதிக்கும் 0.2 விநாடி 10 சதவீதப் பிழையாகிறது. 20 அலைவில் அதே தாமதம் அரை சதவீதம்தான்.

ஆக ஒரு சோதனையில் நிற்பது கோட்பாடு மட்டுமல்ல. கடிகாரம், அளவுகோல், சிறுகோணத் தோராயம், எண்ணுகிறவர் எல்லாரும் கூண்டில் நிற்கிறார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906இல் இதைத்தான் வலியுறுத்தினார். பாப்பரும் இதை அறியாதவர் அல்லர். கோட்பாட்டைக் காப்பாற்றுவதற்கென்றே ஒட்டுப்போடுவதைத்தான் அவர் தடுக்கப் பார்த்தார்.

ஒட்டு எப்போது நியாயம், எப்போது சால்ஜாப்பு? யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. புதனின் பாதையிலும் பிசகு தெரிந்தபோது அதே லெவெரியே அதே உத்தியைக் கையாண்டு, சூரியனுக்கு அருகில் ஒரு கோள் இருக்கலாம் என்று 1859இல் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். அப்படியொரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்ற அந்தப் பிசகை 1915இல் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல்தான் தீர்த்தது. முதல் முறை கோட்பாடு சரி, கோள்களின் பட்டியல் குறை. அடுத்த முறை பட்டியல் சரி, கோட்பாடு குறை. முன்கூட்டியே எது என்று சொல்லும் வாய்பாடு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் இரண்டு ஊகமும் தொலைநோக்கியால் சோதிக்கத்தக்கவையாக இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

எதை எப்போது படிப்பது

‘தியரி என்றால் வெறும் யூகம், நிரூபித்தபின் அது விதியாகும்’ என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். விதி ஓர் ஒழுங்கைச் சொல்கிறது, கோட்பாடு அதை விளக்குகிறது, ஒன்று பதவி உயர்வு பெற்று மற்றொன்றாவதில்லை.

‘விசை = நிறை × முடுக்கம்’ என்பது விதியா, விசைக்கான வரையறையா என்ற கேள்வி உண்மையிலேயே கடினமானது. முதல் மாதத்திலேயே அதில் சிக்கிக்கொண்டு, விசைகளைப் பிரித்து வரையக் கற்காமல் போவதுதான் பிழை. சாய்தளத்தில் ஒரு கட்டை, கப்பியில் இரு எடை, கயிற்றில் சுழலும் கல் என்று முப்பது கணக்குப் போட்டபின் அதே கேள்விக்குத் திரும்புங்கள். சுருள்வில்லுக்கு ஒரு விசை விதி, புவியீர்ப்புக்கு வேறொன்று, உராய்வுக்கு இன்னொன்று என்று தனித்தனியே கொண்டுவந்து சேர்க்காமல் அந்தச் சமன்பாடு ஒரு விடையும் தராது என்பது அப்போது கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கும். விவாதம் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

‘பாரடைம்’ (ஒரு துறையினர் பொதுவாக ஏற்றுப் பின்பற்றும் முன்மாதிரி) என்ற சொல்லை எதற்கெடுத்தாலும் வீசுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சொல்லைப் பரப்பிய தாமஸ் கூன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1962இல் வந்த தம் நூலுக்கு 1969இல் எழுதிய பின்னுரையில் அவர் மாணவர்களின் வீட்டுக் கணக்குகளைப் பற்றியே பேசுகிறார். ‘விசை = நிறை × முடுக்கம்’ என்ற அதே ஒரு சமன்பாடு விழும் கல்லுக்கு ஒரு வடிவம் எடுக்கிறது, ஊசலுக்கு வேறொரு வடிவம் எடுக்கிறது. ஒரு கணக்கை முன்பு தீர்த்த இன்னொன்றைப்போல் பார்க்கப் பழகுவதே அறிவியல் பயிற்சி என்கிறார். அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகளைப் போடாமல் அவருடைய நூலைப் படிப்பவருக்கு, அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதே பிடிபடாது.